புறநகரில் வாடகை வீடு: தாம்பரம் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு

சென்னையில் வேலை கிடைத்து மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பெட்டியோடு வந்து இறங்குகிறவர்கள் பலர் கடைசியில் போய்ச் சேர்வது தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும்தான். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று அந்த வரிசை நீளும். நகரத்துக்குள் சிங்கிள் பெட்ரூமுக்குக் கேட்கிற வாடகைக்கு இங்கே டபுள் பெட்ரூம் கிடைத்துவிடும்.

இந்தப் பக்கம் வீடு தேடும்போது வீடு நல்ல வீடா என்பது இரண்டாவது கேள்வி. டைல்ஸ், கபோர்டு, மாடுலர் கிச்சன் எல்லாம் உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவை நாலு: தண்ணீர், மழை வந்தால் தெரு என்ன ஆகும், ராத்திரி ஸ்டேஷனிலிருந்து எப்படி வீட்டுக்கு வருவது, கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வருமா. பிற்பாடு வாடகைதாரர்கள் புலம்புவதெல்லாம் பெரும்பாலும் இந்த நாலைப் பற்றித்தான்.

வேலை எங்கே என்பதில் தொடங்குங்கள்

வாடகை குறைவு என்று யாரோ சொன்ன ஏரியாவில் போய்த் தேடாதீர்கள். பாரிமுனை, எழும்பூர், நுங்கம்பாக்கம், கிண்டி பக்கம் ஆபீஸ் என்றால் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயிலை நம்பித்தான் வாழப்போகிறீர்கள். ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் வாடகை ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை, ஷேர் ஆட்டோவில் மிச்சமாகிவிடும். கடற்கரையில் கிளம்பும் வண்டிகளில் கணிசமானவை தாம்பரத்தோடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு அப்பால் போகிற வண்டிகளுக்கு இடைவெளி அதிகம். ஊரப்பாக்கத்தில் வாடகை சல்லிசு என்று முடிவெடுப்பதற்கு முன், நீங்கள் வேலை முடிந்து கிளம்புகிற நேரத்துக்குச் செங்கல்பட்டு வண்டி இருக்கிறதா என்று அட்டவணையைப் பாருங்கள்.

ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலை என்றால் ரயில் உதவாது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று கிழக்கே போய்ச் சோழிங்கநல்லூரைப் பிடிக்க வேண்டும். சிறுசேரி சிப்காட் என்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. கம்பெனி பஸ் உண்டென்றால் அது நிற்கும் இடங்களின் பட்டியலை முதலில் வாங்கிக்கொண்டு, அந்த நிறுத்தங்களைச் சுற்றியே தேடுங்கள். ஒரகடம் ஆலைகளுக்குப் போகிறவர்களுக்கு மேற்குத் தாம்பரம், முடிச்சூர், படப்பை. மகிந்திரா சிட்டிக்கு மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில்.

தண்டவாளம் இந்த ஊர்களை இரண்டாகப் பிளக்கிறது என்பதும் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. ‘ஸ்டேஷனிலிருந்து 1 கிலோமீட்டர்’ என்று விளம்பரத்தில் இருக்கும். மேப்பில் நேர்கோடு போட்டால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வீடு கிழக்கே, நீங்கள் அன்றாடம் போகிற பஸ் நிறுத்தம் மேற்கே என்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வீடு பிடித்துவிட்டால் ஒரு வேலைநாளில் காலை எட்டரைக்கு அங்கிருந்து ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்விட்டு ‘இருபது நிமிஷம்தான்’ என்று கணக்குப் போடாதீர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டேஷனிலிருந்து அந்தத் தெருவுக்கு ஒருமுறை நடந்தும் பாருங்கள். விளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை என்பது அப்போதுதான் தெரியும்.

ஊருக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னொன்று. தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. வண்டலூர், ஊரப்பாக்கத்தில் குடியிருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுவது சுலபம். அதே காரணத்தால் தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாள்களில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வீட்டுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு.

கையில் எவ்வளவு வேண்டும்

மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கியிருக்கிறது. ஆறு மாதம் என்றாலே 90,000. புரோக்கர் மூலம் வந்தால் ஒரு மாத வாடகை கமிஷன், முதல் மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டிவிடும். பேரம் பேசுவதென்றால் அட்வான்சில் பேசுங்கள். வாடகையில் ஐந்நூறு குறைக்க முகம் சுளிக்கிற ஓனர்கள், ஆறு மாதத்தை நாலாக்கச் சம்மதிப்பது உண்டு.

‘வாடகை 15,000’ என்று சொன்னால் அதில் மெயின்டனன்ஸ் சேர்த்தியா இல்லையா என்பதை முதல் போனிலேயே கேளுங்கள். அபார்ட்மென்ட் என்றால் வாட்ச்மேன், லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு, லாரித் தண்ணீர் எல்லாம் அந்தத் தலைப்பில்தான் வரும். கோடையில் ‘இந்த மாசம் தண்ணிக்குத் தனியா’ என்று கூடுதலாக வசூலிக்கிற இடங்களும் உண்டு.

எங்கே தேடுவது, எப்போது தேடுவது

செயலிகளில் தேடலாம், தப்பில்லை. வாடகை நிலவரம் தெரிந்துகொள்ள அது நல்ல வழி. ஆனால் இந்தப் பக்கத்து நல்ல வீடுகள் பல இன்னமும் கேட்டில் தொங்கும் ‘டு லெட்’ பலகையோடு சரி. ஏரியாவை முடிவு செய்துவிட்டால் இரண்டு சனிக்கிழமை சாயங்காலம் தெருத்தெருவாக நடப்பது வீண் போகாது. இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரியுங்கள். எந்த வீடு எப்போது காலியாகிறது, ஓனர் எப்படிப்பட்டவர், முன்னாடி இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதெல்லாம் புரோக்கரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்வதில் அவருக்கு லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது.

ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த மாதங்களில் வீடுகள் காலியாகவே கிடக்கும், ஓனரின் குரலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் ஆடியில் தேடுங்கள். நம்பிக்கை இருந்தால் ஆடியில் பேசி முடித்து, டோக்கன் கொடுத்து, ஆவணி முதல் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய மே மாதம்தான் போட்டி அதிகம்.

ஒரு மோசடி திரும்பத் திரும்ப நடக்கிறது. அழகான வீடு, ஏரியாவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத குறைந்த வாடகை. ஓனர் ராணுவத்திலோ வெளிநாட்டிலோ இருப்பதாகச் சொல்வார். ‘நிறைய பேர் கேக்கறாங்க, டோக்கன் போட்டா உங்களுக்காக வச்சிருக்கேன்’ என்று க்யூ.ஆர். கோடு அனுப்புவார். வீட்டுக்குள் கால் வைத்து, சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும் வரை யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

தண்ணீர்

இதில் அவசரப்படாதீர்கள். நகரத்தின் மையத்தில் ‘மெட்ரோ வாட்டர் வருமா’ என்று ஒரே கேள்வியில் முடித்துவிடலாம். இங்கே மூன்று தனித்தனிக் கேள்விகள்: புழங்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மே மாதத்தில் என்ன செய்கிறீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் புழங்குவதற்கு போர் தண்ணீர்தான். அதன் தரம் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு தெருவில் இளநீர் மாதிரி இருக்கும், அடுத்த தெருவில் சோப்பு நுரைக்காது. ஓனரிடம் கேட்டால் ‘நல்ல தண்ணி சார், நாங்களே குடிக்கறோம்’ என்பார். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பாத்ரூமுக்குப் போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் உப்பு அதிகம். கீசர் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷினும் பாடுபடும். பக்கெட்டிலும் டைல்ஸ் இடுக்கிலும் செம்மஞ்சள் கறை இருந்தால் இரும்புச் சத்து, வெள்ளைச் சட்டை போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். புதிதாக பெயிண்ட் அடித்து, ஆசிட் போட்டுக் கழுவி, குழாய் மாற்றி வைத்திருந்தால் இதெல்லாம் தெரியாது. அப்போது பக்கத்து போர்ஷனில் ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டு, கையில் கொண்டுபோன சின்ன சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

குடிக்க பலர் 20 லிட்டர் கேன்தான் வாங்குகிறார்கள். மாடி வீடு, லிஃப்ட் இல்லை என்றால் கேன் போடும் பையன் மேலே ஏற்றித் தருவாரா, அதற்குத் தனிக் காசா என்று கேட்டுவிடுங்கள். உள்ளாட்சித் தண்ணீர் வருகிற தெருக்களும் உண்டு. அங்கே எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. விடியற்காலை நாலரைக்கு விடுவார்கள் என்றால், பிடித்து சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) சேர்க்கிற வேலை யாருடையது?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டே போயின. அந்த வருஷம் இந்த வீட்டில் என்ன செய்தீர்கள் என்று ஓனரையோ அசோசியேஷன் செயலாளரையோ கேட்டால் உண்மை தானாக வெளியே வரும். லாரி வாங்கினார்களா? வாங்கினால் செலவை எப்படிப் பிரித்தார்கள்? அந்தத் தெருவுக்குள் தண்ணீர் லாரி திரும்ப முடியுமா? முட்டுச்சந்துக் கடைசி வீடு அமைதியாகத்தான் இருக்கும், லாரி வராது. பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரிக்கும் இதே கதை.

மழை

நவம்பர், டிசம்பரில் வீடு பார்த்தால் அதிர்ஷ்டம், எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். மற்ற மாதங்களில் துப்பறிய வேண்டும். 2015 வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் எல்லாம் மறுபடி தண்ணீருக்குள். இந்தப் பெயர்களைக் கேட்டவுடன் அந்த ஏரியாவே வேண்டாம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒரே ஊரில் நாலு தெரு மூழ்கும், ஐந்தாவது தெரு மேட்டில் இருக்கும். எந்தத் தெரு எப்படி என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாசலில் நின்று ரோட்டையும் வீட்டையும் பாருங்கள். ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகும், பழைய வீடு அதே இடத்தில் நிற்கும். கேட்டிலிருந்து இரண்டு படி கீழே இறங்கித்தான் உள்ளே போகிறீர்கள் என்றால் தரைத்தளம் வேண்டாம். காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறியிருக்கிறதா? மோட்டாரைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி வைத்திருக்கிறார்களா? ஈபி மீட்டர் பெட்டியை மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா? இதெல்லாம் ஒருமுறை பட்டவர்கள் செய்கிற வேலை. அப்படிச் செய்திருப்பது நல்லதுதான், ஆனால் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது.

முனையில் இருக்கிற மளிகைக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே ‘மிக்ஜாம் அப்போ இங்க தண்ணி நின்னுச்சாண்ணே?’ என்று கேளுங்கள். ‘முட்டிக்கால் வரைக்கும், ரெண்டு நாள்’ என்று அவர் சொல்லிவிடுவார். ‘தண்ணீர் தேங்குமா’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தேங்காது என்பார்கள். புயலின் பெயரைச் சொல்லிக் கேட்டால் நினைவிலிருந்து பதில் வரும்.

முதல் மாடியில் வீடு எடுத்தாலும் பைக், கார் கீழேதான் நிற்கும். மோட்டாரும் கீழேதான் இருக்கும். அதனால் மாடிவாசிகளுக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்குள்

இங்கே வேகமாகப் போகலாம். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து, ஃப்ளஷ் செய்து பாருங்கள். கழிவுநீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிப் பாருங்கள். ஜன்னலில் கொசு வலை இருக்கிறதா, அது கிழிந்திருக்கிறதா? ஏரியோ காலி மனையோ பக்கத்தில் இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜன்னலைத் திறக்கவே முடியாது. மேல் மாடி வீடென்றால் மேற்குப் பார்த்த சுவரில் மாலையில் கை வைத்துப் பாருங்கள். சீலிங்கில் ஈரப் பூத்தல் இருந்தால் புதுப் பெயிண்ட்டை நம்பாதீர்கள்.

கரன்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசிச் சில யூனிட்டுகளோடு போகாது, கீழ்ப் படிகளில் கிடைத்த சலுகையும் குறைந்து பில் ஒரேயடியாக எகிறும். அதனால்தான் ‘உங்களுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா’ என்ற கேள்வி. தனி இணைப்பென்றால் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு நீங்களே ஆன்லைனில் கட்டலாம், பழைய பில்லும் பார்க்கலாம். சப் மீட்டர் என்றால் கீழ் வீட்டு ஓனரும் நீங்களும் ஒரே இணைப்பில். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே 100 யூனிட் இலவசம், இரண்டும் சேர்ந்து 500ஐத் தாண்டுவதும் சுலபம். ‘யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போட்டுக் கொடுத்துடுங்க’ என்று ஓனர் சொன்னால், இலவச யூனிட்டும் சலுகையும் அவர் கணக்கில் போகிறது, நீங்கள் முழு விலை கொடுக்கிறீர்கள். ஏ.சி. இல்லாத சின்னக் குடும்பத்துக்கு இது மாதா மாதம் உறைக்கிற வித்தியாசம். வாடகையில் அதைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் தனி மீட்டர் உள்ள வீடாகப் பாருங்கள்.

ஓனர் உங்களைப் பார்க்கிற பார்வை

நீங்கள் வீட்டைப் பார்க்கும்போது அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஃபேமிலியா பேச்சிலரா, எந்த ஊர், எங்கே வேலை, நான்வெஜ் சமைப்பீர்களா. இதெல்லாம் வழக்கமான கேள்விகள். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று சாதியைக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னும் சிலர் நேராகக் கேட்காமல் அப்பா பெயர், குலதெய்வம் என்று சுற்றி வருவார்கள். மதம் தெரிந்தவுடன் ‘இப்பதான் வேற ஒருத்தர் டோக்கன் கொடுத்துட்டாங்க’ என்று போனை வைப்பவர்களும் உண்டு. கூச்சமில்லாமல் நடக்கிற அநியாயம் இது. அப்படிக் கேட்கிற இடத்தில் பொய் சொல்லி உள்ளே போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே ஆள் நாளைக்கு உங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், சமையலறையில் என்ன வாசனை என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். ஓனர் வேறு ஊரில் இருக்கிற அபார்ட்மென்ட் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

நீங்களும் கேளுங்கள். விருந்தாளி வந்து பத்து நாள் தங்கலாமா, ராத்திரி கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், மொட்டை மாடியில் துணி காயப் போடலாமா, கார் நிறுத்தும் இடம் எது, மோட்டார் போடுவது யார். சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதைக்கூடக் கேளுங்கள். இதற்கு ஒரு வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது.

பணம் கொடுப்பதற்கு முன்

பேசிக்கொண்டிருக்கிறவர்தான் ஓனரா என்று உறுதி செய்யுங்கள். சொத்துவரி ரசீதும் ஈபி பில்லும் எந்தப் பெயரில் இருக்கின்றன என்று பார்த்தால் போதும். கேட்கக் கூச்சமாக இருந்தால் ‘ஆபீஸ்ல எச்.ஆர்.ஏ.வுக்குக் கேக்கறாங்க சார்’ என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை: வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) கணக்கு காட்ட ஓனரின் பான் எண் தேவை. பான் தர மாட்டேன் என்கிற ஓனர் வாடகையையும் ரொக்கமாகத்தான் கேட்பார். அந்த ஏற்பாடு உங்களுக்குச் சரிவருமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

‘லீசுக்கு’, ‘போக்கியத்துக்கு’ என்று எழுதிய பலகைகளையும் பார்ப்பீர்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்பது ஏற்பாடு. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஓனர் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டால் வங்கி வீட்டைக் கையில் எடுக்கும், உங்கள் லட்சங்களுக்காக நீங்கள் அலைய வேண்டும். இடைத்தரகர் ஒருவர் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு, சில மாதம் ஓனருக்கு வாடகை கட்டிவிட்டுக் காணாமல் போவதும் நடந்திருக்கிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்து, ஓனரிடம் நேரடியாக, பதிவு செய்த பத்திரத்தோடு செய்யுங்கள்.

டோக்கன் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுக்கும்போது வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி ஓனரைச் ‘சரி’ போட வையுங்கள்: ‘இன்ன வீட்டுக்கு, வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, இன்ன தேதி முதல், டோக்கன் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்.’ மனசு மாறினால் டோக்கன் திரும்ப வருமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

அக்ரிமென்ட்

பதினொரு மாத அக்ரிமென்ட், பத்திரத்தில் டைப் அடித்து இரண்டு பேரும் கையெழுத்து என்பதுதான் வழக்கம். ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பதினொன்று அது. இப்போது நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. புதுச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் வாடகை எழுத்து ஒப்பந்தமாக இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், பதிந்தால் ஒரு எண் கொடுப்பார்கள். பல ஓனர்கள் ‘அதெல்லாம் எதுக்குங்க’ என்பார்கள். பின்னால் தகராறு வந்தால் எதைக் காட்டி நிற்பீர்கள் என்பதுதான் பதில். தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தி உங்களைக் கிளப்பப் பார்ப்பதையும் இதே சட்டம் தடுக்கிறது, புகாருக்கு வாடகை அதிகாரியிடம் போகலாம்.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் சொல்வது, வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று. அந்த ‘ஒழிய’ என்ற இடைவெளிக்குள்தான் ஆறு மாதமும் பத்து மாதமும் புகுந்துகொள்கின்றன. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. பேரம் பேசும்போது இதைச் சண்டையாகச் சொல்லாமல் ‘சட்டத்துல மூணுதாம்மா போட்டிருக்கு, நாம நாலு வச்சுக்கலாமே’ என்று சொன்னால் காரியம் நடக்க வாய்ப்பு உண்டு.

அக்ரிமென்ட் நகலை முந்தைய நாளே வாங்கி முழுதாகப் படியுங்கள். பார்க்க வேண்டியவை: அட்வான்ஸ் தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறதா, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், அது இரண்டு பக்கத்துக்கும் பொதுவா, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது. அப்புறம் பெயிண்டிங். காலி செய்யும்போது ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையை அட்வான்சில் பிடித்துக்கொள்வது இங்கே எழுதாத விதியாகிவிட்டது. ஆறே மாதம் இருந்தாலும் பிடிப்பார்கள், ஆறு வருஷம் இருந்தாலும் பிடிப்பார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு என்றுதான் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு மாதிரிச் சில்லறை ரிப்பேர்கள் உங்களுடையவை. பெயிண்டிங் வரியை எடுக்க ஓனர் சம்மதிக்கவில்லை என்றால், இரண்டு வருஷத்துக்குமேல் இருந்தால் கிடையாது என்றோ, இவ்வளவு ரூபாய்க்கு மேல் இல்லை என்றோ ஒரு எல்லை போடச் சொல்லுங்கள்.

அட்வான்சைக் கட்டாயம் வங்கி வழியாகவே கொடுங்கள். பாதி ரொக்கம் கேட்டால், கொடுத்ததற்கு அக்ரிமென்ட்டிலேயே வரி இருக்க வேண்டும்.

குடிபோகும் நாளும் அதற்குப் பிறகும்

சாமான் இறங்குவதற்கு முன், காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். சுவர் விரிசல், உடைந்த டைல், கீறல் விழுந்த கதவு, ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, கீசர் வேலை செய்கிறதா, சாவி எத்தனை கொத்து. மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். முந்தைய குடித்தனக்காரர் பில் பாக்கி வைத்திருக்கிறாரா என்று ஈபி எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க ஓனர் உங்கள் ஆதார் நகலும் போட்டோவும் கேட்கலாம். கொடுங்கள், நகலின் குறுக்கே எதற்காகக் கொடுத்தது, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு. கேஸ் இணைப்பைப் புது ஏஜென்சிக்கு மாற்றுவதையும் ஆதாரில் முகவரி மாற்றுவதையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் அக்ரிமென்ட் கைகொடுக்கும். வாடகையை ஐந்தாம் தேதிக்குள் ஆன்லைனில் போட்டுவிட்டு, எந்த மாத வாடகை என்று குறிப்பில் எழுதுங்கள்.

காலி செய்யும்போது

நோட்டீசை எழுத்தில் கொடுங்கள், வாட்ஸப்பானாலும் சரி. ‘கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்சுல கழிச்சுக்கோங்க’ என்று கேட்பது பலர் கையாளும் தற்காப்பு. ஓனர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் அது நியாயமான வழிதான், கையில் மாட்டிக்கொள்ளும் தொகை குறையும். ஆனால் அவர் ஒப்புக்கொண்டதாக ஒரு வரி வாங்காமல் வாடகையை நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கி என்பது சட்டப்படியே வெளியேற்றக் கேட்பதற்குக் காரணமாகும்.

ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால் காலி செய்கிற நாளில் கடைசி பில் வந்திருக்காது. அன்றைய ரீடிங்கில் இருந்து முந்தைய ரீடிங்கைக் கழித்து, தோராயத் தொகையை ஓனரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ‘பில் வரட்டும், பார்த்துட்டு செட்டில் பண்றேன்’ என்று அந்தச் சின்னத் தொகைக்காக முழு அட்வான்சும் நிற்கும். குடிபோன அன்று எடுத்த வீடியோவை வைத்துக்கொண்டு வீட்டை அவரோடு சேர்ந்து ஒரு சுற்று பாருங்கள். பிடித்தம் என்ன, எதற்கு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மீதிப் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு, கடைசிக் கொத்துச் சாவியைக் கொடுங்கள்.